பிஎஸ்5-க்கு மானிட்டர்: இரண்டு வாங்கிய அனுபவம்

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் டிவி மாலையில் அம்மாவுடையது. சீரியல் முடியும்வரை காத்திருந்து விளையாடுவது சரிப்படவில்லை. அதனால் 2022 தொடக்கத்தில் என் மேஜைக்கென்று ஒரு மானிட்டர் வாங்கினேன். 27 அங்குலம், 1440பி (1080பி-க்கும் 4கே-வுக்கும் இடைப்பட்ட தெளிவு), ஐபிஎஸ் பேனல். அட்டைப்பெட்டியில் பெரிதாக 165 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது, அதாவது நொடிக்கு 165 முறை திரை புதுப்பிக்கும். கம்ப்யூட்டருக்கு அது அருமையான மானிட்டர். நான் இணைத்ததோ பிஎஸ்5, அதாவது ப்ளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்.

கன்சோலில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற கம்ப்யூட்டர் இணைப்பு கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். அந்த 165 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேபோர்ட்டில்தான் கிடைக்கும். பிஎஸ்5 எப்படியும் 120-ஐத் தாண்டாது. தெளிவிலும் சிக்கல்: அப்போது பிஎஸ்5-இல் 1440பி வசதி இல்லை, என் மானிட்டர் 4கே சிக்னலை வாங்காது. 1080பி படத்தை இழுத்துக் காட்டியதால் எழுத்தெல்லாம் ஓரம் மழுங்கித் தெரிந்தது. 2022 செப்டம்பர் அப்டேட்டில் 1440பி வந்த பிறகுதான் கண்ணுக்கு நிம்மதி.

விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கேற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. பெட்டியில் இருந்தது ஃப்ரீசிங்க் என்ற ஏஎம்டி நிறுவனத்தின் வகை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதை ஏற்கும். பிஎஸ்5-க்கு எச்டிஎம்ஐ 2.1-இன் விஆர்ஆர்தான் வேண்டும்.

2023 கடைசியில் மாற்றினேன். இப்போது இருப்பது 28 அங்குல 4கே, 144 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1. இதில் எனக்கு மிகவும் பிடித்தது நொடிக்கு 120 ஃபிரேம் (படம்) அல்ல, 40 ஃபிரேம்! ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட் போன்ற சில கேம்களில் இந்த மோட் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 சரியாக வகுபடாது, படம் திணறும். 120-இல் ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று சுற்று நிற்கும். 30 ஃபிரேமில் 33 மில்லிசெகண்ட் நிற்கும் படம் இங்கே 25-இல் மாறிவிடும். உயர்ந்த கிராஃபிக்ஸை விடாமல் கையசைவும் லேசாகிறது. இதை ஒருமுறை பழகிவிட்டால் 30-க்குத் திரும்ப மனசு வராது.

பிஎஸ்5-இல் விஆர்ஆர் 48-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரைதான் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாற்பதுகளுக்கு இறங்கித் தடுமாறும் கேமை அது காப்பாற்றாது.

வாங்கும்போது "எச்டிஎம்ஐ 2.1" என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய 2.0 வேகமே உள்ள போர்ட்டுக்கும் அந்தப் பெயர் போடலாம் என்று விதியே இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியாக 4கே 120 ஹெர்ட்ஸ் வருமா, விஆர்ஆர் வருமா என்று விவரப் பக்கத்தில் தேடுங்கள். கேபிளுக்குத் தனியாகச் செலவு வேண்டாம், பிஎஸ்5-உடன் வருவதே போதும். மாட்டியபின் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் விவரத்தைத் திறந்தால் என்ன போகிறது என்று தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் அழுத்தமாகக் காட்டும் வசதி) உண்டு என்று எச்டிஆர்400 முத்திரை இருந்தாலும் இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகவே தெரிகிறது, எச்டிஆரை அணைத்துவிட்டேன். ஸ்பீக்கர் ஒலி தகர டப்பாதான். பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் ஹெட்செட் மாட்டித்தான் விளையாடுகிறேன், இரவில் அது வசதியும்கூட.

நிதானமாகக் கதை கேம் மட்டும் விளையாடுபவருக்கு 4கே 60 ஹெர்ட்ஸ் மானிட்டரே தாராளம், மிச்சப் பணத்தில் கேம் வாங்கலாம்.

பழைய மானிட்டர் இப்போது தங்கையின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டதும் முதல்முறையாக 165 ஹெர்ட்ஸில் ஓடியது.