உள்ளாட்சிப் பணியாளர்களுக்கான 'புதுமைச் சிந்தனை' பயிற்சி: இரண்டாம் நாள் காலைக்காகப் போகலாம்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவு உதவியாளராக இருக்கிறேன். பணியாளர்களிடம் புதுமைச் சிந்தனையை வளர்க்க ஒரு தனியார் நிறுவனம் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்கு எங்களை அனுப்பினார்கள். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அந்த மூன்றும் தணிக்கை வகுப்புக்கு.

முதல் நாள் முழுக்க விளையாட்டு. குண்டூசியை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம், செய்தித்தாளில் கோபுரம் கட்டுவது எப்படி என்று நேரம் போனது. எங்களிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. ஒரே ஊராட்சியில் குடிநீர் மோட்டார் அடிக்கடி எரிவதும், ஒவ்வொரு முறையும் காயில் கட்டுவதும் எனக்கு வரும் பில்களிலேயே தெரியும். மின்னழுத்தக் குறைவா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா என்று காரணத்தோடு மோட்டார்வாரியாகப் பதிவேடு போடலாம் எனக் குறிப்பு எழுதினேன். "உங்க சீட் வேலையை மட்டும் பாருங்கம்மா" என்று கோப்பைத் திருப்பிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி ஒருவர் எடுத்த வகுப்பு அருமை. புதிதாக எதையாவது செய்தால் தணிக்கைத் தடை (செலவு சரியில்லை என்ற ஆட்சேபம்) வரும், கடும் தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கையான 17பி மெமோ வரும் என்ற பயம் ஆண், பெண் எல்லோருக்கும் உண்டு. புதிய யோசனை என்பதற்காகத் தடை எழுதுவதில்லை, முன் அனுமதியும் தீர்மானமும் இல்லாமல் பணம் எடுத்தால்தான் எழுதுகிறோம் என்று அவர் விளக்கினார். "சோதனை முறையில், இந்த ஒரு ஊராட்சியில் மட்டும், இன்ன தேதிவரை, இவ்வளவு செலவுக்குள்" என்று மாதிரிக் குறிப்பே எழுதிக் கொடுத்தார்.

பெண்களுக்கென்று இருக்கும் தடைகளை மட்டும் யாரும் தொடவில்லை. அரசு வேலையில் 1989-இல் 30 சதவீதம், உள்ளாட்சித் தேர்தலில் 2016 சட்டத்திருத்தத்தால் 50 சதவீதம் இடஒதுக்கீடு என்று ஒரு ஸ்லைடு, அவ்வளவுதான். சரி, வேலைக்கு வந்தபின் எந்த சீட் கிடைக்கிறது? எங்கள் அலுவலகத்தில் தபால், சம்பளப் பட்டியல், கணக்கு எல்லாம் பெண்களிடம். திட்டப் பிரிவும் களப்பணியும் ஆண்களிடம். ஆய்வுக் கூட்டம் சாயங்காலம் தொடங்கும். எதை மேலே கொண்டுபோவது என்பது கூட்டம் முடிந்து டீக்கடையில் முடிவாகும். டியூஷனிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர வேண்டிய பெண் அங்கே எப்படி நிற்பாள்?

பயிற்சியிலும் அதே கதைதான். குழுவில் எழுதியது நாங்கள், மைக் பிடித்தது அவர்கள். பிடிஓக்கள் (வட்டார வளர்ச்சி அலுவலர்கள்) யோசனைகளைக் கேட்க வந்தது இரண்டாம் நாள் ஐந்தரை மணிக்கு. வெளியூர்ப் பெண்கள் பலர் அதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் எதிரில் உட்கார்ந்து பேசக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. எனக்கு ஆறவே இல்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது, பெண்கள் கழிப்பறையும் சுத்தம். அதிகாரிகள் வரும் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள் என்று கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தால் பிடிஓவையும் முழு நேரம் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாதிரிக் குறிப்பின் நகலை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.