நீலமாகிப் போன வெள்ளைப்புலி: வண்ணத் திருத்தத்துக்குப் படம் கொடுக்கும் முன் படியுங்கள்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் நான் எடுத்த 32 படங்களை வண்ணத் திருத்தத்துக்கும் பிரிண்டுக்கும் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். பணம் போனதோடு நிற்கவில்லை, மூலப் படங்களும் போய்விட்டன. இன்னொருவருக்கு இப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் தெருப் பள்ளியில் வன உயிரின வார விழாவுக்கு (அக்டோபர் 2 முதல் 8 வரை) படங்கள் கேட்டிருந்தார்கள். என் படங்களில் இருந்த குறை பெரியதல்ல. வெள்ளைப்புலி ஃபிரேமை நிறைத்து நின்றால், கேமரா அந்த வெள்ளையைச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, ஏற்றி வைத்திருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுப்போனது. மரநிழலில் எடுத்ததால் லேசாகப் பச்சையும் ஏறியிருந்தது. எல்லாம் ரா கோப்புகள், அதாவது கேமரா பதிந்த விவரத்தைக் குறைக்காமல் வைத்திருக்கும் மூலக் கோப்புகள். வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் நிறச் சமநிலையை) சரிசெய்தால் தீர்ந்தது. எனக்கு நேரமில்லை, மானிட்டரும் பழையது. அதனால்தான் வெளியே கொடுத்தேன்.

படத்துக்கு 150 ரூபாய், மொத்தம் 4,800. முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிக்கொண்டார்கள். "ஒரு படம் மட்டும் முதலில் காட்டுங்க சார்" என்று கேட்டதற்கு, "விழாவுக்கு நாள் இல்லையே சார், நம்பி விடுங்க" என்றார் கடைக்காரர். சரி என்று மெமரி கார்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிரிண்டுகள் விழாவுக்கு முந்தின நாள் மாலைதான் கைக்கு வந்தன. 32 படங்களுக்கும் ஒரே ப்ரீசெட்டை (முன்கூட்டியே சேமித்து வைத்த திருத்த அளவுகளை) போட்டிருக்கிறார்கள். வெயிலில் எடுத்ததற்கும் நிழலில் எடுத்ததற்கும் அதே அளவு. வெள்ளைப்புலி, சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருந்தது. அது சுத்த வெள்ளை விலங்கே இல்லை; ரோமத்தில் லேசான பாலாடை நிறம் உண்டு, கோடுகளில் பழுப்பு உண்டு, மூக்கு இளஞ்சிவப்பு. அந்த மூன்றும் இல்லை. மார்பு ரோமம் தனித்தனியாகத் தெரிந்த இடம் வெறும் வெள்ளைத் திட்டு. அந்த அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றி, விவரங்களைச் சுருக்கி வைக்கும் ஜேபெக் கோப்பாகச் சேமித்துவிட்டால், பிறகு எவ்வளவு இறக்கினாலும் ரோமம் திரும்பி வராது.

சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) படத்தைப் பார்த்தபோதுதான் உண்மையில் மனம் உடைந்தது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி, அதுதான் அதன் அழகு. கருமையை வலுக்கட்டாயமாகத் தூக்கியதில் உடம்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ். அதை மறைக்க வழவழப்பாக்கியதில், முடி மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய விலங்கு அது, எங்கள் பிள்ளைகளில் பலர் முதல்முறையாகப் பார்க்கப்போகிற படம். மறுநாள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி புலிப் படத்தின் முன் நின்று, "இது நிஜப் புலியா, வரைஞ்சதா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

கடையில் போய்க் கேட்டேன். "கலர் தூக்கலா இருந்தாத்தான் சார் பிரிண்ட் எடுப்பா வரும்." மூலக் கோப்புகளைக் கொடுங்கள், நானே செய்துகொள்கிறேன் என்றதற்கு, வேலை முடிந்ததும் அழித்துவிட்டார்களாம். கார்டை ஃபார்மட் செய்து, திருத்திய ஜேபெக்குகளை அதிலேயே ஏற்றியிருந்தார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

கார்டில் அதற்குமேல் எதுவும் எழுதாமல் மீட்பு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். 11 படங்கள் கிடைத்தன. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். புதிதாக எழுத எழுதப் பழையது போய்விடும்.

கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் எடுத்துப் பென்டிரைவில் கொடுங்கள். நிழலில் எடுத்தது ஒன்று, கறுப்பு விலங்கு ஒன்று, வெள்ளை விலங்கு ஒன்று என மூன்றைத் திருத்தச் சொல்லி, நூறு சதவீதம் பெரிதாக்கி ரோமத்தைப் பாருங்கள். அப்புறம்தான் பணம். அந்த விலங்கை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். திருத்துகிறவருக்கு அதன் நிஜ நிறம் தெரியாவிட்டால் எதை வைத்துத் திருத்துவார்?

மீண்ட 11 படங்களில் புலி இருக்கிறது, சோலைமந்தி இல்லை. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, புதன் காலை போகிறேன்.