ராஜா இல்லாத கோட்டையும் சர்வர் இல்லாத ஆபீசும்: பிஎஸ்டூல்ஸ் மதிப்புரை

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். சாமி 1981இல் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் டொமைன் சர்வர்தான் இன்னும் வந்து சேரவில்லை. ஆற்காடு ரோட்டு லேப், லாங் பஜார் மொத்தக் கடை, ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஆபீஸ், காட்பாடி டிரெய்னிங் சென்டர் என்று எங்கே பார்த்தாலும் இருபது முப்பது கம்ப்யூட்டர் ஒரு சாதா ஸ்விட்சில் தொங்கும். எல்லாம் ஒர்க்குரூப், அதாவது ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனி ராஜ்யம். பிடிஎஃப் ரீடரைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் ஒரு பையன் பென் டிரைவோடு மேசை மேசையாகப் போய், "அக்கா, ரெண்டு நிமிஷம் எழுந்துக்கோங்க" என்று கேட்டு வேலை பார்ப்பான்.

இருந்த இடத்திலிருந்தே மற்ற விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் வேலை பார்த்து, அந்த நடையை மிச்சப்படுத்தும் கருவிப் பெட்டிதான் பிஎஸ்டூல்ஸ் (PsTools). சிஸ்இன்டர்னல்ஸ் என்ற விண்டோஸ் கருவித் தொகுப்பின் ஒரு பகுதி இது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கினார்கள், 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. காசு கிடையாது. ஜிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிப் பிரித்து சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும், இன்ஸ்டால் என்று எதுவும் இல்லை. உள்ளே பத்துக்கும் மேற்பட்ட சிறு கருவிகள் இருக்கின்றன; முக்கியமானது, எதிர் கம்ப்யூட்டரில் கட்டளையை ஓட்டும் பிஎஸ்எக்ஸெக் (PsExec). எல்லாம் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்டுபவை. பட்டன் தேடுகிறவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

இலவசம் என்றாலும் இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒருமுறை உட்கார்ந்து தயார் செய்ய வேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் முப்பதுக்கு ஐந்து மணி நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இதைச் சரியாகச் செய்யாதவர்கள்தான் "பிஎஸ்எக்ஸெக் நம்ம ஊர் நெட்வொர்க்கில் வேலை செய்யாது" என்கிறார்கள்.

பிஎஸ்எக்ஸெக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்தத் தயாரிப்பு தானாகப் புரியும். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து 445ஆம் போர்ட் வழியே எதிர் கம்ப்யூட்டரின் அட்மின் டாலர் (ADMIN$) ஷேருக்குள் நுழைகிறது. அது அங்குள்ள விண்டோஸ் ஃபோல்டர்தான். அதில் பிஎஸ்எக்ஸெஸ்விசி (PSEXESVC) என்ற குட்டி சர்வீஸைக் காப்பி செய்து, ஓடவிட்டு, அதன் மூலம் நீங்கள் சொன்ன கட்டளையை நடத்துகிறது. முடிந்ததும் சர்வீஸை அழித்துவிட்டு வெளியேறுகிறது. இதில் எந்தப் படி தடுக்கினாலும் ஒரு பிழைச்செய்தி வரும். எந்தச் செய்தி எந்தப் படி என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்", அதாவது பிழை 53 வந்தால் பெரும்பாலும் ஃபயர்வால்தான். புதிதாக மாட்டிய ரவுட்டரை விண்டோஸ் "பப்ளிக்" நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு ஃபைல் ஷேரிங்கை அடைத்துவிடும். அதை "பிரைவேட்" ஆக மாற்றி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் விதியைத் திறக்க வேண்டும். திறக்கும்போதே "ஸ்கோப்" பகுதியில் அட்மின் கம்ப்யூட்டரின் ஐபியை மட்டும், உதாரணமாக 192.168.1.10 மட்டும், போட்டுவிடுங்கள். அந்த ஐபி ரவுட்டரில் ரிசர்வ் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு ஐபி மாறி, முப்பது கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் உங்களை வெளியே நிறுத்தும்.

"ஆக்சஸ் டினைட்" வந்தால் பாஸ்வேர்ட் தப்பு என்று எண்ணி எல்லோரும் பாஸ்வேர்டையே மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஒர்க்குரூப்பில் உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு. லோக்கல் அட்மின் கணக்கு நெட்வொர்க் வழியே வந்தால் விண்டோஸ் அதன் அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடும். ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கேஎல்எம், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்று போய், லோக்கல்அக்கவுன்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி (LocalAccountTokenFilterPolicy) என்ற பெயரில் ஒரு டிவேர்ட் (DWORD) உருவாக்கி மதிப்பு 1 கொடுக்க வேண்டும். பெயரில் இடைவெளி கூடாது. விண்டோஸோடு கூடவே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு இயல்பாக இந்தத் தடை இல்லை. அதனால்தான் சில கம்ப்யூட்டரில் இது இல்லாமலே ஓடிக் குழப்பும்.

பிழை 1327 வந்தால் அந்தக் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லை என்று பாருங்கள். காலி பாஸ்வேர்ட் கணக்கை நெட்வொர்க் வழியே விண்டோஸ் விடாது. அது நல்லதுதான்.

சாஃப்ட்வேர் ஏற்றுவதில் பிஎஸ்எக்ஸெக்குக்கு ஈடு இந்த விலையில் இல்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஷேர் ஃபோல்டரில் இன்ஸ்டாலரை வைத்து, மைனஸ் யூ (-u) போட்டு ஒரு கணக்கைக் கொடுக்காமல் அங்கிருந்தே ஓடச் சொன்னால் ஓடாது. எதிர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த உங்கள் அனுமதி அங்கிருந்து மூன்றாவது கம்ப்யூட்டருக்குச் செல்லாது. கட்டளையோடு சேர்த்து அடிக்கும் மைனஸ் சி (-c) என்ற சுவிட்ச் ஃபைலைத் தானே காப்பி செய்யும், ஆனால் ஓட வேண்டிய அந்த ஒரு இஎக்ஸ்இயை மட்டும்தான். எம்எஸ்ஐ (.msi) வகை இன்ஸ்டாலர் என்றால் உதவாது. ஆகவே முதலில் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளையை வைத்து எதிர் கம்ப்யூட்டரின் சி டாலரில் (C$) டெம்ப் ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு, பிறகு பிஎஸ்எக்ஸெக்கில் மைனஸ் எஸ் போட்டு எம்எஸ்ஐயை ஏற்றும் எம்எஸ்ஐஎக்ஸெக்கை ஸ்லாஷ் கியூஎன் (/qn), ஸ்லாஷ் நோரீஸ்டார்ட் என்று ஓட்டுவதே கைகண்ட வழி. ரோபோகாப்பி 1 என்று எண் திருப்பினால் பயப்படாதீர்கள், ஃபைல் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பிழை.

எம்எஸ்ஐ திருப்பும் எண்களையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். 0 என்றால் முடிந்தது. 3010 என்றாலும் முடிந்ததுதான், ரீஸ்டார்ட் பாக்கி. இதைப் பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி ஏற்றுகிறவர்கள் உண்டு. 1618 என்றால் அங்கே வேறு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, அரை மணி பொறுங்கள். 1603 பொதுவான தோல்வி, லாக் ஃபைலைத் திறந்து பார்க்காமல் காரணம் தெரியாது. இஎக்ஸ்இ இன்ஸ்டாலர்களுக்கு ஒரே மந்திரம் கிடையாது. என்எஸ்ஐஎஸ் வகைக்கு ஸ்லாஷ் எஸ், அதுவும் பெரிய எழுத்து எஸ். இன்னோ செட்டப் வகைக்கு ஸ்லாஷ் வெரிசைலன்ட். தப்பான சுவிட்ச் போட்டால் இன்ஸ்டாலர் யாருக்கும் தெரியாத திரையில் "நெக்ஸ்ட்" அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும், உங்கள் கறுப்புத் திரையும் அசையாது. அப்போது பிஎஸ்லிஸ்டில் அதைக் கண்டுபிடித்து பிஎஸ்கில்லால் முடித்துவைக்க வேண்டியதுதான்.

மைனஸ் எஸ் போட்டால் கட்டளை சிஸ்டம் கணக்கில் ஓடும். அந்தக் கணக்குக்கு உங்கள் மேப் செய்த டிரைவும் தெரியாது, பயனருக்கென்று வைத்த செட்டிங்கும் தெரியாது. விண்டோஸின் சாஃப்ட்வேர் ஏற்றும் கட்டளையான வின்கெட்டும் இங்கே சட்டென்று ஓடாது, ஏனென்றால் அது ஒவ்வொரு பயனருக்கும் தனியாக அமர்வது.

கம்ப்யூட்டர் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, முன்னால் அட் குறி போட்டுக் கொடுத்தால் பிஎஸ்எக்ஸெக் வரிசையாக ஒவ்வொன்றாகப் போகும். வரிசையாக என்பதுதான் இதன் பெரிய குறை. நான்கு நிமிட இன்ஸ்டால் என்றால் முப்பதுக்கு இரண்டு மணி நேரம். மைனஸ் டி (-d) போட்டால் காத்திராமல் தாவித் தாவிப் போகும், ஆனால் முடிவு எண் கிடைக்காது, வெற்றியா தோல்வியா என்று பிறகு தனியாகப் பார்க்க வேண்டும். அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க மைனஸ் என் 10 என்று பத்து விநாடி வரம்பு வையுங்கள்.

ஃபைல் தள்ளும் நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 300 எம்பி இன்ஸ்டாலர் முப்பது கம்ப்யூட்டருக்கு என்றால் 9,000 எம்பி, அத்தனையும் உங்கள் ஒரு கேபிள் வழியாகத்தான் போக வேண்டும். ஜிகாபிட் என்றால் இரண்டு நிமிடத்துக்குள் முடியக்கூடியது, 100 எம்பிபிஎஸ் என்றால் கால் மணி நேரத்துக்கு நெருங்கும். ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கியும் 100தான் காட்டுகிறது என்றால் கேபிள் முனையைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடி கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டால் ஓசையில்லாமல் கீழே இறங்கிவிடும். பிஎஸ்பிங்கை ஒரு முனையில் சர்வராக நிறுத்தி, மறுமுனையில் மைனஸ் பி (-b) போட்டு வேகம் அளந்தால் இது உடனே தெரியும். இன்னொன்று, பல சாதா ஸ்விட்சுகளின் அட்டையில் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். பரண்மேல் ஷீட் கூரைக்கு அடியில் வைத்த ஸ்விட்ச் கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மட்டும் மக்கர் செய்தால் சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள்.

மற்ற கருவிகளில் அதிகம் பேசப்படாத வைரம் பிஎஸ்ஃபைல். ஷேர் ஃபோல்டரில் உள்ள எக்ஸெல் "ரீட் ஒன்லி" என்று திறக்கிறது, யார் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள் என்று தெரியவில்லை என்றால், ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரை நோக்கி பிஎஸ்ஃபைலை ஓட்டுங்கள். எந்தக் கணக்கு எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும், மைனஸ் சி போட்டு மூடவும் செய்யலாம். சேவ் ஆகாதது போய்விடும், கேட்டுவிட்டு மூடுங்கள். இதோடு சேர்ந்த ஒரு விஷயம்: விண்டோஸ் 10, 11 புரோ ஒன்றை "சர்வர்" என்று பெயர் வைத்து ஷேர் கொடுத்தால், ஒரே நேரத்தில் 20 கம்ப்யூட்டர்தான் இணையலாம். இருபத்தோராவது ஆளுக்கு "நோ மோர் கனெக்‌ஷன்ஸ்" வரும். காலை பத்தரைக்குச் சிலருக்கு மட்டும் ஷேர் திறக்கவில்லை, மதியம் சரியாகிவிடுகிறது என்ற புகாருக்கு இந்த வரம்பு ஒரு முக்கியக் காரணம். நீங்கள் அட்மினாக உள்ளே போவதும் அந்த இருபதில் ஒன்று.

பிஎஸ்இன்ஃபோவில் மைனஸ் எஸ் போட்டால் ஏற்றப்பட்ட சாஃப்ட்வேர் பட்டியல் வரும். எதிரில் ரிமோட் ரெஜிஸ்ட்ரி சர்வீஸ் ஓட வேண்டும், விண்டோஸ் 10, 11இல் அது இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். பட்டியல் எடுக்கும்போது மட்டும் பிஎஸ்சர்வீஸால் முடக்கத்தை நீக்கி ஓடவிட்டு, பிறகு நிறுத்தி மறுபடி முடக்கிவிடுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்ததால், எந்த மேசையில் இன்னும் 19045 பில்ட் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கவும் இது உதவும்.

பிஎஸ்ஷட்டவுனை மரியாதையோடு பயன்படுத்துங்கள். மைனஸ் ஆர், மைனஸ் டி (-t) 300, மைனஸ் எம் போட்டு ஒரு செய்தி, கூடவே மைனஸ் சி. கடைசியது பயனருக்கு ரத்து செய்யும் உரிமை தரும். பில் போட்டுக்கொண்டிருக்கும் கவுன்டரில் மைனஸ் எஃப் போட்டு வலுக்கட்டாயமாக அணைத்தால் டேட்டா கெடும், திட்டு உங்களுக்கு.

அணைந்த கம்ப்யூட்டரை எழுப்பும் கருவி இந்தப் பெட்டியில் இல்லை. வேக் ஆன் லேன் தனியாகத் தேட வேண்டும். தேடினாலும் ராத்திரி மெயினையே அணைத்துவிட்டுப் போகும் ஆபீசில் எந்த மேஜிக் பாக்கெட்டும் எழுப்பாது. மதியச் சாப்பாட்டு நேரம்தான் உங்களுக்கு வாய்த்த பராமரிப்பு நேரம்.

இனி ஆபத்து. திருடர்களுக்கும் இதே கருவி பிடிக்கும். 2017இன் நாட்பெட்யா என்ற நாசகார நிரல் பிஎஸ்எக்ஸெக்கைத் தன்னுள் சுமந்துகொண்டே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் பரவியது. அதனால் பல ஆன்டிவைரஸ்கள் இதைப் பார்த்ததும் பிடித்து உள்ளே போடும். அதற்காக ஆன்டிவைரஸையே அணைப்பது வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பது போல. ஃபைலுக்கும் அட்மின் கம்ப்யூட்டருக்கும் மட்டும் விலக்குக் கொடுங்கள். முப்பதிலும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட் என்பது ஒர்க்குரூப்பின் பிறவிக்குறை. குறைந்தது கணக்குப் பிரிவு, ரிசப்ஷன், மற்றவை என்று மூன்றாகப் பிரித்து, ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே பிஎஸ்பாஸ்வேர்ட் (PsPasswd) கருவியால் மொத்தமாக மாற்றுங்கள். மைனஸ் பி (-p) போட்டுப் பாஸ்வேர்டைப் பேட்ச் ஃபைலில் எழுதி வைக்காதீர்கள். மைனஸ் யூ மட்டும் கொடுத்தால் அதுவே கேட்கும், அடிப்பதும் திரையில் தெரியாது. பதிப்பு 2.1க்கு முந்தைய பிஎஸ்எக்ஸெக் பாஸ்வேர்டை மறைக்காமல் கம்பியில் அனுப்பும். பழைய பென் டிரைவில் கிடக்கும் காப்பியைத் தூக்கிப் போடுங்கள்.

மாற்று என்ன? விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லின் ரிமோட்டிங் நல்ல போட்டி. 5985ஆம் போர்ட், ஒரே நேரத்தில் 32 கம்ப்யூட்டர் வரை இயல்பாகப் பேசும். வரிசையில் நிற்கும் குறை அதில் இல்லை. ஒர்க்குரூப்பில் டிரஸ்டட் ஹோஸ்ட்ஸ் பட்டியல் கட்ட வேண்டும், கொஞ்சம் ஸ்கிரிப்ட் எழுதவும் வர வேண்டும். டிரெய்னிங் சென்டருக்கு என்றால் வேயான் (Veyon) என்ற வகுப்பறை சாஃப்ட்வேர் போதும். மாணவர் திரையைப் பார்ப்பதும் பூட்டுவதும் அதில் சுலபம், அதுவும் இலவசம். விண்டோஸ் அப்டேட்டுக்காக மட்டும், அதை ஆபீசுக்குள் பகிர்ந்து தரும் டபிள்யூசஸ் (WSUS) சர்வர் போட நினைப்பவர்கள் யோசியுங்கள். மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரிலேயே அதற்கு இனி புது வசதி இல்லை என்று சொல்லிவிட்டது. அதைவிட விண்டோஸிலேயே இருக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷனில் லோக்கல் நெட்வொர்க் பகிர்வை இயக்கி 7680 போர்ட்டைத் திறந்தால், ஒரு கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டைப் பக்கத்து மேசையும் எடுத்துக்கொள்ளும்.

முப்பது கம்ப்யூட்டர் வரை பிஎஸ்டூல்ஸ் தாராளமாகப் போதும். ஐம்பதைத் தாண்டினால் கருவியைக் குறை சொல்லாமல் முதலாளியிடம் சர்வருக்குக் காசு கேளுங்கள்.

இறக்கியவுடன் பழக வேண்டிய இன்னொரு வேலை: பாதியில் கரண்ட் போனாலோ யாராவது கேபிளைப் பிடுங்கினாலோ பிஎஸ்எக்ஸெஸ்விசி சர்வீஸ் அங்கேயே தங்கிவிடும். மறுநாள் அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் முரண்டு பிடித்தால், பிஎஸ்சர்வீஸால் நிறுத்தி, எஸ்சி டிலீட் கட்டளையால் நீக்கி, விண்டோஸ் ஃபோல்டரில் மிச்சமிருக்கும் அந்த இஎக்ஸ்இயையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.