வெளிநாட்டு எம்பிஏ: திருப்பிக் கட்ட வேண்டாத பணம் யாரிடம் இருக்கிறது?

ஹார்வர்டில் எம்பிஏ கல்விக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 76,000 டாலரைத் தாண்டிவிட்டது. தங்க, சாப்பிட, காப்பீடு என்று சேர்த்தால் இரண்டு வருஷப் படிப்புக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஆகும். இந்தத் தொகையைக் கேட்டதும் நம் வீடுகளில் பேச்சு நேராக வீட்டுப் பத்திரத்துக்குப் போய்விடுகிறது. அதைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய வழிகள் இருக்கின்றன.

முதலில் ஹார்வர்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை கிடையாது, தேவைக்கு மட்டும்தான். இடம் கிடைத்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அதனால் 'பணம் கேட்டால் சேர்க்க மாட்டார்களோ' என்ற பயம் வேண்டாம். கடந்த மூன்று வருஷ வருமானம், சேமிப்பு, இளங்கலைக் கடன், குடும்பப் பின்னணி ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதி மாணவர்களுக்கு ஏதாவது ஒரு தொகை கிடைக்கிறது. வெளிநாட்டவருக்கும் அதே விதிதான். மிகவும் வசதி குறைந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் தருவதாக 2022இல் அறிவித்தார்கள். நல்ல சம்பளத்தில் இருந்தவருக்குத் தொகை குறையும். அது நியாயம்தான் என்பேன்.

ஸ்டான்ஃபோர்டும் தேவை பார்த்துத்தான் தருகிறது. ஆனால் அங்கே இந்தியர்களுக்கென்றே ரிலையன்ஸ் திருபாய் ஃபெலோஷிப் இருக்கிறது. வருஷத்துக்கு அதிகபட்சம் 5 பேர். கட்டணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவார்கள். படிப்பு முடிந்து இரண்டு வருஷத்துக்குள் இந்தியா திரும்பி, குறைந்தது இரண்டு வருஷம் இங்கே வேலை பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது தேதியை. எம்பிஏ சேர்க்கைக்கு எழுதுவதற்கு முன்பே இதற்குத் தனியாக எழுத வேண்டும். கல்லூரியில் இடம் கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் கதவு மூடியிருக்கும்.

பிரிட்டிஷ் அரசின் செவனிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். ஒரு வருஷ முதுகலைக்கு முழுச் செலவும் தரும் திட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மற்ற படிப்புகளுக்கு அது சரி. எம்பிஏவுக்கு மட்டும் கல்விக் கட்டணத்தில் 22,000 பவுண்டுதான் உச்சவரம்பு. ஆக்ஸ்ஃபோர்டு எம்பிஏ கட்டணமோ 80,000 பவுண்டை ஒட்டி இருக்கிறது. மிச்சத்தை நீங்கள்தான் தேட வேண்டும். ஆகவே எம்பிஏ பட்டமே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள், அதே நாட்டில் மேலாண்மை அல்லது நிதித் துறையில் எம்எஸ்சிக்குப் போடுவது புத்திசாலித்தனம். இரண்டு வருஷ வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், கட்டாயம். படித்து முடித்து ஊர் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும். தலைமைப் பண்பு, தொடர்புகளை வளர்க்கும் திறன், ஏன் பிரிட்டனில் படிக்க வேண்டும், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேள்விகள் இருக்கும். ஒரே கட்டுரையை எல்லாவற்றுக்கும் ஒட்டி அனுப்புகிறவர்கள் இங்கே தேற மாட்டார்கள். உங்கள் ஊரில், உங்கள் அலுவலகத்தில் நீங்கள் உண்மையில் மாற்றிக் காட்டிய ஒன்றை எழுதுங்கள்.

1892இல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளையும் கே.சி. மஹிந்திரா அறக்கட்டளையும் மதிப்பு மிக்கவைதான். முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் டாடா உதவியில் லண்டனில் படித்தவர். ஆனால் இரண்டும் முதன்மையாகத் தருவது கடன் உதவித்தொகை. மஹிந்திராவில் வட்டி இல்லை. அசலைக் கட்டித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு உதவும் இன்லாக்ஸ் அறக்கட்டளை வணிகப் படிப்புக்குத் தருவதே இல்லை, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

என் கணக்கில், சாதாரணக் குடும்பத்திலிருந்து வரும் ஒருவருக்கு முதல் இடம் கல்லூரியே தரும் தேவை சார்ந்த உதவிக்குத்தான். தொகையும் பெரிது, ஊர் திரும்பும் நிபந்தனையும் இல்லை. எப்படியும் இந்தியா திரும்புவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு ஸ்டான்ஃபோர்டு ஃபெலோஷிப்பும் செவனிங்கும் அருமையானவை. இரண்டுக்குமே போடலாம். டாடா, மஹிந்திரா பணத்தை, கடைசியில் விழும் பள்ளத்தை நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடனைவிட எவ்வளவோ மேல்.

ஒரு வேலையை மட்டும் இன்றே தொடங்குங்கள். சம்பளம் வரிவரம்புக்குக் கீழே இருந்தாலும் வருஷா வருஷம் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, நகலை எடுத்து வையுங்கள். மூன்று வருஷ வருமானத்துக்குச் சான்று கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.