எக்ஸ்ட்ரால் 30 எக்ஸ்பான்ஷன் டேங்க்: நல்ல டேங்க்தான், 12 பி.எஸ்.ஐ.யை மட்டும் அப்படியே நம்பாதீர்கள்

அமெரிக்காவின் வடகிழக்கில் சுடுநீர் ரேடியேட்டர் உள்ள வீடுகளில், பாய்லர் குழாயில் தொங்கும் இந்த டேங்கைப் பரவலாகப் பார்க்கலாம். தயாரிப்பு ஆம்ட்ரால். கொள்ளளவு 4.4 கேலன், அதாவது 16.7 லிட்டர். உள்ளே ஒரு டயாபிரம், அதாவது வளையும் ரப்பர் சவ்வு; ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர்.

10 டிகிரி செல்சியஸ் தண்ணீர் 82 டிகிரிக்கு ஏறும்போது சுமார் 3 சதவீதம் விரியும். அதற்கு இடம் இல்லாவிட்டால் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.யைத் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) தொட்டு, பாதுகாப்புக்கான ரிலீஃப் வால்வ் தண்ணீரைக் கக்கும். அழுத்தம் 12இல் தொடங்கி 25ஐத் தாண்டாமல் இருக்க, இந்த டேங்க் சுமார் 5.4 லிட்டர் வாங்கிக்கொள்ளும். மொத்தம் 180 லிட்டர் வரை தண்ணீர் ஓடும் வீட்டுக்கு அது போதும். பேஸ்போர்டு, அதாவது சுவரடியில் தரையை ஒட்டி ஓடும் ஹீட்டர் உள்ள வீடுகளுக்குத் தாராளம். பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் நிறைய இருந்தால் இதை வாங்க வேண்டாம், 7.6 கேலன் கொள்ளும் எக்ஸ்ட்ரால் 60ஐப் பாருங்கள்.

ஆலையிலிருந்து 12 பி.எஸ்.ஐ. காற்றோடு வருகிறது. இரண்டு மாடி வீட்டுக்குச் சரி. ஆனால் 2.31 அடி உயரத்துக்கு 1 பி.எஸ்.ஐ. வேண்டும், அதற்கு மேல் 4 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருக்க வேண்டும். உச்சி ரேடியேட்டர் 28 அடி உயரத்தில் இருந்தால் 16 பி.எஸ்.ஐ. வரும். தண்ணீர் நிரப்பும் வால்வையும் டேங்கின் காற்றையும் அதே 16க்கு வைக்க வேண்டும். வால்வை மட்டும் ஏற்றிவிட்டு டேங்கை 12லேயே விட்டால், குளிர்ந்த தண்ணீரே உள்ளே புகுந்து, அந்த 5.4 லிட்டரில் சுமார் 2 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேல்மாடி சூடாகவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டும் பலர் தவறுவது இங்கேதான்.

காற்றைச் சோதிக்கும் முறையும் முக்கியம். பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். நிரப்பும் வால்வை மூடி, டேங்க் பக்கத்துத் தண்ணீர் அழுத்தத்தைச் சுழியத்துக்கு இறக்குங்கள். அதன் பிறகே அடியில் உள்ள காற்று வால்வில் டயர் கேஜை வையுங்கள். தண்ணீர் அழுத்தம் இருக்கும்போது வைத்தால் கேஜ் காட்டுவது பாய்லரின் அழுத்தத்தைத்தான். குறைந்திருந்தால் சைக்கிள் பம்ப் போதும்.

காற்று வால்வில் தண்ணீர் எட்டிப் பார்த்தால் டயாபிரம் கிழிந்துவிட்டது. பழுதுபார்க்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் நிறைந்த டேங்க் 17 கிலோவுக்கு மேல் கனக்கும், தொங்குவதோ அரை அங்குல மரையில். கழற்றும்போது அடியில் ஒருவர் தாங்கிப் பிடிக்கட்டும்.