தலை மாற்றும் பொம்மையா, வயல் காக்கும் பொம்மையா?

பக்கத்துக் கிராமத்தில் நடந்த சோளக்கொல்லைப் பொம்மைத் திருவிழாவுக்குப் போய்வந்ததிலிருந்து என் ஏழு வயது மகளுக்கு ஒரே கேள்விதான்: "ராத்திரியில அதெல்லாம் நடக்குமா அம்மா?" இங்கிலாந்தில் வளரும் குழந்தை இப்படிக் கேட்டால் பதிலாக ஒரு பெயர் தயாராகவே இருக்கிறது: வர்சல் கம்மிட்ஜ். வயலில் நிற்கும் வைக்கோல் பொம்மை. ஆள் இல்லாத நேரத்தில் உயிர்பெற்று நடக்கும், பேசும், வம்பில் மாட்டிக்கொள்ளும். 1936-இல் பார்பரா யூஃபன் டாட் எழுதிய கதையில் பிறந்தவன். அவனைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்று உட்கார்ந்தபோதுதான் எதைக் காட்டுவது என்ற சிக்கல் எழுந்தது. ஜான் பெர்ட்வீ நடித்து 1979 முதல் 1981 வரை வந்தது பெயர்பெற்ற தொடர். அதே நடிகரை வைத்து நியூசிலாந்தில் எடுத்தது 1987-இல் தொடங்கிய தொடர்ச்சி. 2019-இல் மெக்கன்சி க்ரூக் தானே எழுதி, இயக்கி, நடித்து பிபிசிக்காக மீட்டெடுத்தது மூன்றாவது.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. ஆனால் நேராக அதற்குப் போகவில்லை.

உடன் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், தான் சிறுமியாக இருந்தபோது பார்த்த முதல் தொடரைத்தான் காட்ட வேண்டும் என்று அடித்துச் சொன்னார். டிவிடி தொகுப்பை வாங்கினேன். அரை மணி நேரப் பகுதிகள், மொத்தம் 31. பள்ளி விட்டு வந்து சாப்பிடுவதற்குள் ஒன்றைப் பார்த்து முடித்துவிடலாம். இதை எழுதிய கீத் வாட்டர்ஹவுஸும் வில்லிஸ் ஹாலும் நகைச்சுவையில் தேர்ந்த எழுத்தாளர்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குழப்பத்தை மூட்டி, ஊதிப் பெருக்கி, கடைசியில் பட்டென்று போட்டு உடைப்பார்கள். பெர்ட்வீயின் நடிப்புக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தேநீரும் ஒரு துண்டு கேக்கும் கிடைக்கும் என்றால் எதையும் செய்யத் துணியும் அந்தப் பேராசை, அவர் கண்களில் அப்படியே தெரியும்.

இரண்டாம் நாள் மாலை தலை மாற்றும் காட்சி வந்தது. இந்த வர்சலுக்குப் பல தலைகள். யோசிக்க ஒன்று, ஆட ஒன்று என்று வேலைக்கு ஏற்றபடி கழற்றி மாட்டிக்கொள்வான். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துத் திருகி எடுக்கிறான். என் மகள் சோபாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அழவில்லை, ஆனால் அன்று இரவு விளக்கை அணைக்க விடவில்லை. நாற்பதாண்டுகளுக்கு முன் இதைப் பார்த்த எத்தனையோ பேர் இந்தத் தலைகளை நினைத்துத்தான் இன்றும் சிலிர்க்கிறார்கள், அதையே பாசத்தோடு சொல்லவும் செய்கிறார்கள். அந்தப் பயத்தில் ஒரு ருசி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏழு வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது ருசிக்காது, அவ்வளவுதான்.

என்றாலும், தொடரை மாற்றியதற்குப் பயம் மட்டும் காரணமல்ல. நான்காவது பகுதி முடிந்ததும் மகள் கேட்டாள்: "இவன் இங்க இருந்தா, வயலை யாரு பாத்துக்குறா?"

அந்தக் கேள்வியிலிருந்து என்னால் மீள முடியவில்லை. பெர்ட்வீயின் வர்சலுக்கு வயல் என்பது தப்பி ஓட வேண்டிய இடம். காகம் விரட்டுவது அவனுக்குத் தண்டனை. கதை நடப்பதெல்லாம் ஊருக்குள்ளே, சமையலறையிலும் விருந்திலும் சந்தையிலும்தான். ஜெஃப்ரி பெய்ல்டன் நடித்த காகமனிதர், அதாவது இந்தப் பொம்மைகளை எல்லாம் செய்தவர், "வேலைக்குத் திரும்பு, இல்லாவிட்டால் உரக்குழிக்குப் போவாய்" என்று மிரட்டும்போது மட்டும் வயல் ஞாபகத்துக்கு வரும். ஆன்ட் சாலி என்ற பெண் பொம்மை மீது அவன் கொண்ட ஒருதலைக் காதலும் ஊருக்குள் நடக்கும் கதைதான். கேக்குக்காக அவனை மணப்பதாக வாக்குக் கொடுத்து, கேக் தீர்ந்ததும் தூக்கியெறியும் சாலியாக யூனா ஸ்டப்ஸ் அசத்துகிறார். பெரியவர்கள் சிரித்து மாளாது. என் மகளோ, "ஏன் அவ இப்படிப் பண்றா?" என்று வருத்தப்பட்டாள்.

க்ரூக் பழைய கதையை மீட்கவில்லை. பொம்மையின் வேலையை மீட்டார். 2019 டிசம்பர் 26 அன்று வந்த முதல் பகுதியிலேயே அறுவடைக்கான பருவம் வராமல் காலம் நின்றுபோய்விடுகிறது. கதிர் முற்றவில்லை, இயற்கையின் ஒழுங்கு குலைந்து கிடக்கிறது. நகரத்திலிருந்து ஸ்காட்டர்புரூக் பண்ணைக்கு வளர்ப்புப் பிள்ளைகளாக வரும் சூசனும் ஜானும் அதற்குள் இழுக்கப்படுகிறார்கள். அவர்களைப் பார்த்ததும் இவர்களும் பொம்மைகள்தானே என்று வர்சல் நம்பிவிடுகிறான். இல்லை என்று தெரிந்ததும் அவன் காட்டும் திகைப்பு, பிள்ளைகளின் திகைப்பைவிடப் பெரியது. அந்த இடத்தில் என் மகள் சோபாவின் முன்விளிம்புக்கு நகர்ந்து வந்தாள்.

இந்த வர்சலின் முகத்தை அருகில் காட்டும்போது பாருங்கள். மண்ணிலிருந்து அப்போதுதான் பிடுங்கிய கிழங்கைப் போல முண்டும் முடிச்சும் வேருமாக இருக்கிறது. மனிதன் பொம்மை வேடம் போட்டதாகத் தோன்றவில்லை. அந்த வயலிலேயே விளைந்ததுபோல் இருக்கிறது. இதற்கு முன் க்ரூக் எழுதி இயக்கிய தொடரும் வயல்வெளிகளில் பழைய உலோகத் துண்டுகளைத் தேடித் திரியும் இருவரைப் பற்றியதே. புல்லையும் வேலியையும் அவர் கேமரா பார்க்கும் விதம் அலாதியானது. நார்தம்பர்லாந்து மரபில் பாடும் தி அன்தாங்க்ஸ் சகோதரிகளின் இசை அதற்குக் கீழே மெல்ல ஓடுகிறது.

இரண்டாம் பகுதியில் மைக்கேல் பேலின் பச்சை மனிதராக வருகிறார். பொம்மைகளை எல்லாம் படைத்தவர், அவற்றின் சட்டதிட்டங்களைக் காப்பவர். வர்சல் மனிதப் பிள்ளைகளோடு பழகுவது அவருக்குப் பிடிக்கவில்லை. காகமனிதர் இருந்த இடத்தில்தான் இவரும் நிற்கிறார். ஆனால் அவர் பேச்சில் ஒரு முதலாளியின் அதட்டல் இருந்தது. இவருடைய கோபத்தில் ஒரு குலத்தின் முறைமை தெரிகிறது. 2021-இல் வந்த இன்னொரு பகுதியில் சிவந்த அலகும் சிவந்த காலும் கொண்ட அரிய சஃப் பறவைகள் ஒரு ஜோடி பண்ணைக்கு வருகின்றன. அவையும் காகக் குடும்பம்தான். ஊரே வேடிக்கை பார்க்கத் திரள்கிறது. பறவையை விரட்டுவதற்காகவே பிறந்தவன் இப்போது என்ன செய்வான்? ஒரு சோளக்கொல்லைப் பொம்மையைப் பற்றி எழுத இதைவிட நல்ல முடிச்சு இருக்கிறதா? அவனுடைய வேலையை மதிப்பவருக்குத்தான் இந்தக் கதை தோன்றும்.

குறை இல்லாமல் இல்லை. மொத்தமே ஆறு பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடை நிதானம். பெர்ட்வீ தொடரில் பழகிய என் தோழி அரை மணி நேரத்தில் கொட்டாவி விட்டார். வாய்விட்டுச் சிரிக்கும் இடங்கள் குறைவு. சாலியாக இங்கே விக்கி பெப்பர்டைன் நடிக்கிறார். மூலக்கதையில் அவள் வர்சலுக்கு அத்தைதான் என்பதால் காதல் கதையை க்ரூக் எடுத்துவிட்டார். அது எனக்கு நிம்மதி. ஆனால் ஸ்டப்ஸின் சாலியைக் கண்டவர்களுக்கு ஓர் ஓரம் வெறிச்சென்றுதான் இருக்கும். இரண்டு தொடர்களிலும் வரும் சாஸி நான்சியை, கப்பல் முகப்பில் செதுக்கிய மரப்பெண்ணை, மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால், முதல் தொடரில் நடித்த பார்பரா வின்சருக்கே என் ஓட்டு.

நியூசிலாந்துத் தொடரைப் பற்றி அதிகம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இணையத்தில் மூன்று பகுதிகள் பார்த்தேன். முதல் தொடரைத் தயாரித்த சதர்ன் நிறுவனம் 1981 இறுதியில் ஒளிபரப்பு உரிமத்தை இழந்த பிறகும் வர்சலை விடாமல் பெர்ட்வீ உலகின் மறுகோடி வரை தூக்கிச் சென்றார் என்பதே நெகிழ வைக்கிறது. பார்த்த மூன்றில், அதே பொம்மையை வேறு மண்ணில் நட்டதுபோல் இருந்தது. முழுவதும் பார்த்தவர்கள் மாற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு மூன்றில் எது பொருந்தும் என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை.

க்ரூக்கின் ஆறையும் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. இப்போதெல்லாம் காரில் போகும்போது அறுவடை முடிந்த வயல் தெரிந்தால் மகள் கண்ணாடியை இறக்கி, யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறாள். முதல் தொடரின் மீதி 27 பகுதிகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவளுக்கு ஒன்பது வயதாகட்டும் என்று வைத்திருக்கிறேன். தலை கழன்றாலும் அப்போது அவள் சோபாவுக்குப் பின்னால் போகமாட்டாள். சாலியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வாள்.