வேட்டைத் துப்பாக்கி: நியூசிலாந்துக்குக் கொண்டுபோவதா, இங்கேயே விற்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் ஷாட்கன் வைத்திருந்து, நியூசிலாந்தில் குடியேறுபவர்களுக்கு:

செலவு
விற்றால்: லைசென்ஸ் உள்ள கடைக்காரர் தரும் விலை கையில்.
கொண்டுபோனால்: அனுமதிகள், பூட்டுள்ள கெட்டிப் பெட்டி, அங்கே இரும்புப் பெட்டகம். பழைய துப்பாக்கியின் விலையையே தாண்டலாம்.

அனுமதி
விற்றால்: போலீஸ் வழியாக முறைப்படி கைமாற வேண்டும். மச்சானிடம் சும்மா கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். 1960 ஆயுதச் சட்டத்தில் அவரும் நீங்களும் மாட்டலாம்.
கொண்டுபோனால்: மலேசியாவில் ஏற்றுமதி அனுமதி, அங்கே முதலில் துப்பாக்கி லைசென்ஸ், பிறகு இறக்குமதி அனுமதி, துப்பாக்கிப் பதிவேட்டில் பதிவு. லைசென்ஸ் வராமல் அனுப்பினால் சுங்கத்தில் பறிபோகும்.

வகை
இரட்டைக் குழலுக்குச் சிக்கல் குறைவு. 5 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் ஷாட்கன் 2019 முதல் அங்கே தடை, விற்றே ஆகவேண்டும்.

அப்பா வைத்திருந்த இரட்டைக் குழல், அங்கும் வேட்டைக்குப் போகும் எண்ணம் என்றால் அலைச்சல் தகும். மற்றவர்கள் விற்றுவிட்டு அங்கே வாங்கலாம். தோட்டாக்களை எப்படியும் இங்கேயே ஒப்படையுங்கள்.